சிங்கத்துக்கு மாற்றப்பட்ட ஆட்டுக்காரன்

மலைமேல் இருக்கும் எங்கள் அரியூர் நாட்டில் பச்சைக்குப் பஞ்சமே கிடையாது. தடுக்கி விழுந்தால்கூடப் பச்சையில்தான் விழ வேண்டும். அப்படிப்பட்ட ஊருக்குப் பசுமைப் பூங்கா ஒன்று ஒதுக்கினார்கள். இடம், ஊர்ப் பொது மந்தை. சுற்றிலும் கம்பி வேலி, நடுவில் புல்தரை, வாசலில் டிக்கெட். வாட்ச்மேன் வேலை கந்தப்பனாகிய எனக்கு. ஊர்த் தீர்மானம் மட்டும்தான் பாக்கி. ஆனால் விசிலை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டார்கள்.

சிக்கல், என் மாமியார் மாதம்மாள். அவளுடைய ஒன்பது மாடுகளும் அந்த மந்தையில்தான் மேய்கின்றன. சொந்தமாக இருப்பது ஒரு துண்டு மரவள்ளிக்காடு. வேலி வந்தால் மாடுகளை விற்றுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பெண் கொடுத்த மகராசியின் மாட்டையே விசிலடித்து விரட்டப்போகிறவன் நான். வெட்கமாகத்தான் இருந்தது. மாதச் சம்பளம் என்ற வார்த்தை காதில் விழுந்தபின் அந்த வெட்கம் அதிக நேரம் நிற்கவில்லை.

மாப்பிள்ளை என்ற மரியாதையில் அத்தை என்னைத் திட்டுவதில்லை. வாங்க போங்க என்றபடியே வாரிவிடுவாள்.

“நல்லா ஊதிப் பழகிக்கோங்க மாப்ள. என்ர செவலைக்குக் காது கொஞ்சம் மந்தமுங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூடத்தில் கூட்டம். பூங்காவை வடிவமைத்த சுமித்ரா சென்னையிலிருந்து வந்திருந்தாள். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் குடலைப் புரட்டிக்கொண்டு வந்தவள், எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே மேடையேறினாள். நல்ல பெண்தான். ஆனால் எங்கள் பூங்காவைப் பற்றிப் பேசாமல் உலகத்துப் பூங்காக்களின் வரலாற்றையே திரையில் ஓடவிட்டாள்.

சீமையில் ராஜாக்கள் வேட்டையாடுவதற்கென்று காட்டை வளைத்துப் போட்டார்களாம். பிறகு நகரத்துப் பணக்காரர்கள் ஆளுக்கொரு சாவி வைத்துக்கொண்டு தோட்டத்தில் உலாவினார்களாம். ஆலைப் புகையில் ஜனங்கள் இருமி இருமிச் சாக ஆரம்பித்த பிறகுதான், போனால் போகிறதென்று எல்லோருக்கும் கதவைத் திறந்தார்களாம். முதலில் பிடுங்கிக்கொண்டு, அப்புறம் கொஞ்சம் திருப்பிக் கொடுத்து, அதற்காகத் தங்களுக்கே சிலையும் வைத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கிப்போனார்கள்.

அப்போது நியூயார்க் நகரத்துப் பெரிய பூங்காவின் பழைய படம் ஒன்று வந்தது. உயரமான கட்டடங்கள், முன்னால் புல்வெளி, அதில் கும்பல் கும்பலாகச் செம்மறியாடுகள்.

“நிறுத்துங்க அம்மிணி.” அத்தை எழுந்தாள். “அந்த ஆட்டுக்கெல்லாம் டிக்கெட் எவ்வளவுங்க?”

கூட்டம் சிரித்தது. சுமித்ராவும் சிரித்தாள். “டிக்கெட் இல்லம்மா. புல்லு மட்டமா இருக்கணும், பார்க்க அழகாவும் இருக்கணும்னு அவங்களே விட்டிருந்தாங்க.”

“இப்பவும் மேயுதுங்களா?”

“இல்ல. தொண்ணூறு வருஷம் ஆச்சு, வேற பூங்காவுக்கு மாத்திட்டாங்க.”

“ஆட்டுப் பட்டி?”

“அது ஓட்டலாயிடுச்சு.”

“ஆட்டுக்காரன்?”

தெரியாது என்று சொல்லியிருந்தால் சுமித்ரா தப்பித்திருப்பாள். பாவம், பொய் சொல்ல வரவில்லை. “அவரை... மிருகக்காட்சி சாலைக்கு மாத்தினாங்க. சிங்கத்தைப் பார்த்துக்கற வேலை.”

பின்வரிசை விழித்துக்கொண்டது.

அத்தை முன்னால் போய், சுவரில் ஒட்டியிருந்த எங்கள் பூங்காவின் வரைபடத்தில் விரலை வைத்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஓடையும் பாறையும் எங்கே இருக்கின்றன என்பது தெரியும்.

“ஓடைக்கு இந்தாண்ட கட்டம் போட்டிருக்குதுங்களே, என்னதுங்க?”

“கேண்டீன்.”

“அது என்ர மாட்டுப் பட்டிங்க.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

“பட்டி ஓட்டலாகுது, சரிங்க. எனக்கு எந்தச் சிங்கத்தைக் குடுக்கப் போறீங்க? அதையும் காட்டிப் போட்டீங்கன்னா கைநாட்டு வெச்சுட்டுப் போயிர்றேன்.”

கூட வந்திருந்த அதிகாரி, நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தார். சுமித்ரா அவர் பக்கம் திரும்பவேயில்லை. பேனாவை எடுத்துக் கேண்டீனை அடித்தாள். “காலையில பத்து மணி வரைக்கும் மாடு மேயட்டும்மா.”

“மாட்டுக்கு மணி பாக்கத் தெரியாதுங்க கண்ணு.”

சுமித்ரா மூடிய பேனாவை மறுபடி திறந்தாள். வேலியையும் வாசலையும் சேர்த்து அடித்துவிட்டாள்.

“புல்தரையில சாணி போடுமே!” என்றார் அதிகாரி. ஊரே அவரை இரக்கத்தோடு பார்த்தது.

நாலு பெஞ்சு, ஒரு குடிதண்ணீர்க் குழாய், வேலி கிடையாது. அதற்குத்தான் ஊர் கை தூக்கியது. வேலியில்லாத இடத்துக்கு வாட்ச்மேன் எதற்கு? அது தெரிந்தேதான் நானும் கை தூக்கினேன். சம்பளம் போனதில் வருத்தம்தான். ஆனால் அந்த ஆட்டுக்காரன் முதல் நாள் சிங்கக் கூண்டுக்கு முன்னால் எப்படி நின்றிருப்பான் என்று நினைத்தபிறகு கை தானாக மேலே போய்விட்டது.

வெளியே வந்ததும் அத்தை என் முன்னால் கையை நீட்டினாள்.

“அந்த விசிலைக் குடுங்க மாப்ள.”

கொடுத்தேன். சாயங்காலம் மந்தைப் பக்கம் போனபோது செவலை மேய்ந்துகொண்டிருந்தது. கழுத்தில், மணிக்குப் பக்கத்தில், என் விசில்.