சத்தம் கேட்டால் அமுக்கவும்

இருபத்தேழு வருஷம் விமானப்படையில் ஜெட் இன்ஜின்களோடு குடும்பம் நடத்திவிட்டு வந்த சார்ஜன்டை, அலமாரி அளவுக்கு இருந்த ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். தலையில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான்.

"சத்தம் கேட்டா அமுக்குங்க சார். எவ்வளவு சின்னதா கேட்டாலும் சரி" என்றாள் காது பார்க்கும் பெண்.

அவர் அதைக் காதால் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துப் படித்துக்கொண்டார்.

இதில் தேறினால் திங்கட்கிழமை முதல் விமான நிலையத்தில் வேலை. வந்து நிற்கும் விமானங்களுக்குக் கை காட்டி வழி சொல்ல வேண்டும். தேறாவிட்டால் வீட்டு சோபா. ஓய்வு பெற்ற எட்டு மாசமாக அந்த சோபாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டார். நன்றாக ஓடிய வாஷிங் மெஷினை மூன்று தடவை கழற்றி மாட்டினார். நாலாவது தடவை மனைவி ஸ்பேனரை ஒளித்து வைத்துவிட்டாள்.

இடது காது போய்ப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. வலது காதும் அரைகுறை. படையில் வருஷா வருஷம் நடக்கும் சோதனையில், சோதிப்பவரின் மணிக்கட்டு அசையும்போதெல்லாம் அமுக்கியே தேறி வந்தார். இந்தத் தடவை ஏற்பாடு இன்னும் பலமானது. கண்ணாடிக்கு வெளியே, அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தாள். பெண்ணின் விரல் மெஷினைத் தொட்டால் மனைவி மூக்கைத் தொட வேண்டும். நேற்றே ஒத்திகை முடிந்துவிட்டது.

"இது தப்பில்லையாங்க?" என்று அப்போது கேட்டாள்.

"சரக்கு நல்ல சரக்கு. லேபிள்தான் கொஞ்சம் கிழிஞ்சிருக்கு. ஒட்டிக் காட்டறோம், அவ்வளவுதான்."

"மூக்கைத் தொட்டா எனக்கு என்ன கிடைக்கும்?"

"பகல் பூரா நான் வீட்ல இருக்க மாட்டேன்."

"அப்படின்னா ரெண்டு கையாலயும் தொடறேன்."

சோதனை ஆரம்பித்தது. மனைவி மூக்கைத் தொட்டாள், அவர் அமுக்கினார். மறுபடி தொட்டாள், மறுபடி அமுக்கினார். ஐந்து தடவை எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. ஆறாவது தடவை அந்தப் பெண் சட்டென்று திரும்பினாள். மனைவியின் கை மூக்கிலேயே உறைந்தது. பெண் ஏதோ சொன்னாள், மனைவி அசடு வழியச் சிரித்தாள். பெண் எழுந்து பெஞ்சுக்கு முன்னால் திரையை இழுத்து விட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்தவள், கையோடு மெஷினையும் மேஜைக்குக் கீழே இறக்கி வைத்துக்கொண்டாள்.

சார்ஜன்டுக்குப் பார்த்து அமுக்க இப்போது மூக்கும் இல்லை, மணிக்கட்டும் இல்லை. பெண்ணின் முகமோ பூட்டிய கடைக்கதவு மாதிரி இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

கேட்டது! வலது காதில், மெல்லிசாக ஒரு விசில். அமுக்கினார். கொஞ்சம் விட்டு மறுபடியும் அதே விசில். அமுக்கினார். கேட்கக் கேட்கத் தைரியம் வந்தது. இவ்வளவு நன்றாகக் கேட்கிற காதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் பயந்தோம்? விரல் ஓயாமல் அமுக்கினார்.

பெண் எழுந்து நின்றாள். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். அப்போதும் அமுக்கினார். அவள் கதவைத் திறந்தாள்.

"எதைக் கேட்டு சார் அமுக்குறீங்க?"

"விசிலைத்தான்."

"மெஷினை ஆஃப் பண்ணி மூணு நிமிஷமாச்சு சார்."

விளையாடுகிறாள் என்று நினைத்தார். ஹெட்போனைக் கழற்றினார். விசில் நிற்கவில்லை.

"இப்பவும் கேக்குதே!"

"எப்பலேர்ந்து கேக்குது?"

"எப்பவும்தான். சுத்தி சத்தமில்லாம இருந்தா கேக்குமே, அது. எல்லாருக்கும் கேக்கும்தானே?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

சார்ஜன்ட் சுதாரித்துக்கொண்டு பேரத்தில் இறங்கினார். "அம்மா, கை காட்டற வேலைக்குக் காது எதுக்கு? இன்ஜின் ஓடும்போது அங்க எவனுக்கும் எதுவும் கேக்காது."

"பின்னால விமானம் இழுக்கற டிராக்டர் ரிவர்ஸ்ல வந்தா?"

"திரும்பித் திரும்பிப் பார்த்துக்குவேன்."

"விமானத்தைப் பார்ப்பீங்களா, டிராக்டரைப் பார்ப்பீங்களா? சரி, உங்ககிட்ட வேலை பார்த்த ஒருத்தருக்கு இப்படி இருந்தா, அங்க நிக்க விடுவீங்களா சார்?"

படையில் இருந்தபோது அவர் குழுவில் நெட்டையன் என்று ஒருவன் இருந்தான். பின்னால் வந்த டிராக்டர் அவனுக்குக் கேட்கவில்லை. காலரைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றியது சார்ஜன்ட்தான். அன்று சாயங்காலமே, இவனை இனி விமானத்துப் பக்கம் நிறுத்தக் கூடாது என்று எழுதிக் கொடுத்ததும் அவர்தான். "உங்களுக்கும்தானே கேக்காது, சார்ஜன்ட்?" என்று நெட்டையன் முகத்துக்கு நேராகக் கேட்டான். அந்தக் கேள்வி நன்றாகவே கேட்டது. கேட்காத மாதிரி நடந்து போய்விட்டார்.

பெண்ணின் பேனா தாளுக்கு மேலே நின்றது.

"எழுதிடுங்கம்மா" என்றார்.

அவள் எழுதியதைத் தலைகீழாகவே படித்துவிட்டார். தகுதியில்லை.

வெளியே மனைவி ஓடி வந்தாள். "என்ன சொன்னா?"

"தேறல."

"மூக்கு சிவந்து போச்சுங்க எனக்கு. அதைப் பார்த்தாவது பாஸ் போட்டிருக்கக் கூடாதா, பாவி!"

அவர் சிரிக்கவில்லை. நீளமான வராந்தாவில் ஆள் நடமாட்டமே இல்லை.

"இப்ப இங்க உனக்கு என்ன கேக்குது?"

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுப் பார்த்தாள். "ஒண்ணும் கேக்கல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

"எப்படி இருக்கும் அது?"

மனைவி அவருக்கு முன்னால் வந்து, உதடு தெரிகிற மாதிரி முகத்துக்கு நேராக நின்று, "வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள். "அந்த ஸ்பேனரை எடுத்துத் தரேன்."