மூன்று தட்டு

முருகேசுவுக்கு இங்கிலிஷ் தெரியும் என்று சொன்னால் இங்கிலிஷுக்கே சிரிப்பு வரும். ஆனாலும் அந்த மார்ச் மாத வெள்ளிக்கிழமை பின்னேரம், கெல்சென்கிர்ச்சன் மூன்றாம் மாடி வீட்டின் முன்னறையில், மனைவியின் கட்டிலோடு கதிரையை இழுத்துப் போட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டி, மடியில் தடித்த அகராதியும் கையில் இணையத்திலிருந்து அச்செடுத்த ஏழு பக்கக் கடதாசியுமாக அவர் உட்கார்ந்த தோரணையைப் பார்த்தால், பெரிய வழக்கொன்று பேச வந்த அப்புக்காத்து என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவருக்கு வேலை ஒரு இத்தாலிய உணவகத்தின் குசினியில். மூன்று மணிக்கு அந்தக் குசினி மூடி ஐந்து மணிக்குத் திரும்பத் திறக்கும். அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் ட்ராம் பிடித்து ஓடிவந்து, தேவமலருக்கு வாசித்துக் காட்டிவிட்டு, மறுபடி ஓட வேண்டும். உடுப்பெல்லாம் உள்ளி மணம்.

வாசிப்பது வேறொன்றுமில்லை, கூடைப்பந்து. அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் ஒரு சின்னக் கல்லூரி. அதன் பெண்கள் அணிக்கு முந்நூறு ரசிகர்கள் இருந்தால் அதிகம். ஆனால் அந்த முந்நூறு பேரும் இணையத்தில் ஒரு பக்கத்தில் கூடி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் யார் யாரை மறிப்பது, யார் வெல்வது என்று நாள்கணக்காக அலசுவார்கள். கலியாணம் பேசுகிற வீட்டில்கூட அவ்வளவு துருவித் துருவி விசாரிக்க மாட்டார்கள். அந்த அணியில் பதினொன்றாம் இலக்கச் சட்டை போட்டு, பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறவள் இவர்களுடைய ஒரே மகள் மிதுசா. வங்கியில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்யட்டும், தொழிலும் கையில் இருக்கும், பிள்ளையும் வீட்டில் இருக்கும் என்று சொந்தக்காரர் அத்தனை பேரும் சொன்னபோது, ஒற்றைக்காலில் நின்று அவளை அனுப்பிவைத்தது தேவமலர்தான். அது இரண்டு வருசத்துக்கு முந்திய கதை.

ஜெர்மன் பதிவுக் கந்தோரில் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிட்டார்கள் அல்லவா, அதனால் அவள் சட்டையின் முதுகில் இருப்பது முருகேசு. ரசிகர்களுக்கும் அவள் முருகேசுதான். 'முருகேசுவுக்கு இடது கையால் பந்து தட்ட வராது', 'முருகேசு நேற்று நித்திரை கொண்டாள்' என்றெல்லாம் வாசிக்கும்போது, தன்னைத்தான் யாரோ நேரே நின்று ஏசுகிறார்கள் என்று மனுசனுக்கு ரோசம் வந்துவிடும். பாராட்டி எழுதினால் அதைவிட மோசம், அன்று முழுக்கக் குசினியில் சீட்டியடித்துக்கொண்டு திரிவார்.

இந்த வருசம்தான் அந்தக் கல்லூரி முதல் தடவையாகப் பெரிய போட்டிக்குத் தெரிவாகியிருந்தது. அறுபத்துநான்கு அணிகள், ஒருமுறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். அதுவும் கோப்பை அவர்களுக்குத்தான் என்று பேசப்படுகிற ஒரு பெரிய பல்கலைக்கழகத்தோடு.

"தபால்காரன் என்ன சொல்லுறார்?" என்று கேட்டாள் தேவமலர். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்தான் அந்தப் பக்கத்தில் நீள நீளமாக எழுதுகிறவர். அவரோடு தேவமலருக்கு எப்போதும் வழக்கு. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் ஆடியவள் அவள், சும்மா விடுவாளா?

"அவையின்ர நடுவில ஆடுற பெட்டை ஆறடி ஆறங்குலமாம். எங்கட பிள்ளையள் அவளின்ர கமக்கட்டுக்குக் கீழ நிண்டுதான் பந்து தேட வேணுமாம்."

"உயரம் கிடக்கட்டும். அவள் ஓடுவாளோ? கேளுங்கோ."

"நான் ஆரைக் கேக்கிறது? கடதாசியையோ?"

தேவமலர் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது, இருமல் அடங்க ஐந்து நிமிடம் பிடித்தது. முருகேசு தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைமயிர் கொட்டி, முகம் சுருங்கி, கட்டிலில் பாதி இடத்தைக்கூட அவள் நிரப்பவில்லை. பத்து நாளுக்குமேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று செவ்வாய்க்கிழமை டொக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து முருகேசுவுக்கு நாட்களை எண்ணாமல் இருக்க முடியவில்லை. எண்ணுவதை நினைத்தாலும் பயமாக இருந்தது.

மிதுசாவுக்கு இது ஒன்றும் தெரியாது. தெரியக்கூடாது என்பது நவம்பரில் தேவமலர் போட்ட கட்டளை. பிள்ளையின் விளையாட்டு முடியுமட்டும் ஒரு சொல் வெளியே போகக்கூடாது. டோர்ட்மண்டில் இருக்கிற முருகேசுவின் தமையன் மகன் சேயோன்தான் இவர்களுக்குக் கொம்பியூட்டர் பூட்டி, அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவன். அவனிடம் சாமிப்படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் ரெலிபோன் எடுக்கும்போது தேவமலர் இரண்டு தலையணையை முதுகுக்கு வைத்து நிமிர்ந்திருந்து பேசுவாள். கொம்பியூட்டர் கமெரா டிசம்பரிலிருந்து 'பழுது'.

இதில் முருகேசுவின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது இன்னொரு விசயம். இருபது வருசத்துக்கு முன்னால், அகதிகள் விடுதியில் இருந்த காலம், தேவமலரின் தகப்பன் ஊரில் இறந்த தந்தி வந்தது முருகேசுவின் கையில். அவள் எட்டு மாதக் கர்ப்பிணி. தாங்கமாட்டாள் என்று எல்லாரும் கூடி முடிவெடுத்தார்கள். தந்தி அவருடைய ஜாக்கெட் பொக்கற்றுக்குள் போனது. மிதுசா பிறந்து, துடக்குக் கழிந்து, முப்பத்தொன்றாம் நாள் சடங்கும் முடிந்த பிறகுதான் சொன்னார்கள். தேவமலர் அழவில்லை. "அப்பு செத்த அண்டைக்கு நான் சிரிச்சனானோ?" என்று மட்டும் கேட்டாள். சிரித்திருந்தாள். விடுதிப் பெண்களோடு ஏதோ பகிடி விட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருந்தாள். முருகேசு ஓம் என்றார். அதற்குப் பிறகு ஆறு மாதம் அவள் அவரோடு கதைக்கவில்லை. அதே தேவமலர்தான் இப்போது மகளுக்கு அதையே செய்யச் சொல்கிறாள். ஏன் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கேட்க அவருக்கு என்ன முகம் இருக்கிறது!

"வாசியுங்கோவன். பிறீ துறோ பற்றி என்ன எழுதியிருக்கினம்?"

எதிரணி இடித்துவிட்டால் கோட்டில் தனியே நின்று, ஒருவரும் மறிக்காமல் எறியக் கிடைக்கிற பந்து அது. மிதுசா எறியுமுன் பந்தை மூன்று தரம் நிலத்தில் தட்டுவாள், ஒன்று கூடவும் மாட்டாள் குறையவும் மாட்டாள். பத்து வயதில் வீட்டு நடையில் அவள் தட்டத் தட்ட, கீழ்வீட்டு ஜெர்மன் மனுசி தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடிப்பாள். குசினியில் நின்று தேவமலர் எண்ணுவாள், ஒண்டு, ரெண்டு, மூண்டு. ரெலிபோன் கதைக்கும்போதும் அந்தப் பிள்ளைக்கு ஒரு கையில் பந்து வேண்டும்.

முருகேசு விரலால் வரி பிடித்து வாசித்தார். போன வருசம் பத்துக்கு ஒன்பது எறிவைக் கூடையில் போட்ட முருகேசு, சனவரியிலிருந்து பாதியைத் தவறவிடுகிறாள் என்று தபால்காரர் கணக்கு எழுதியிருந்தார். களைப்பு என்றார் ஒருவர். காதல் என்றார் இன்னொருவர், அவருக்குக் கீழே நான்கு பேர் சிரித்திருந்தார்கள். வேறு ஒரு பெண்ணைப் போட்டு ஆடலாம், இது பெரிய ஆட்டம், இரக்கம் பார்க்கிற நேரமில்லை என்று ஒருவர் வெட்டொன்று துண்டிரண்டாக எழுதியிருந்தார்.

"ஆரந்த மூதேசி?" என்றாள் தேவமலர். "மிச்சத்தையும் வாசியுங்கோ, ஆர் எங்களுக்காகக் கதைக்கினம் எண்டு பாப்பம்."

அடுத்து எழுதியிருந்தவள் றூத். கல்லூரிச் சாப்பாட்டுச்சாலையில் சமைக்கிறவள். தன்னைப்போலக் குசினிக்காரி என்று முருகேசுவுக்கு அவள்மேல் ஒரு தனிப் பிரியம். அவள் எழுத்துக்கு அகராதி தேவையில்லை, அவ்வளவு சின்னச் சின்னச் சொற்கள். இன்றைக்கும் தேவைப்படவில்லை, வாய்க்குள்ளேயே வாசித்து முடித்துவிட்டார்.

'அந்தப் பிள்ளையை விடுங்கள். ஜெர்மனியில் அவளுடைய தாய் சாகக் கிடக்கிறாள். வீட்டார் அவளுக்குச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். ஒரு சகோதரன் எழுதிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னுடைய குசினியில் நின்றுதான் தாயோடு சிரித்துச் சிரித்துப் பேசுவாள். பேசி முடித்ததும் நிலத்தில் உட்கார்ந்துவிடுவாள். பயிற்சியாளர் விமானச் சீட்டு எடுத்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றாள். நான் போய் நின்றால் எனக்குத் தெரியும் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும், இந்த ஆட்டத்துக்காகத்தான் அம்மா உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்றாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பந்து விழுந்தாலும் விழாவிட்டாலும் எல்லாரும் கை தட்டுங்கள்.'

முருகேசு கடதாசியை மடியில் இறக்கினார். கீழே ட்ராம் போனது, கண்ணாடி யன்னல் அதிர்ந்தது. சேயோன்மீது கோபம் வரவில்லை. போன ஞாயிறு மகள் சிரித்த சிரிப்புத்தான் நினைவுக்கு வந்தது. என்ன பகிடி அது? எதற்காக அப்படிச் சிரித்தாள்? ஐயோ, நிலத்தில் உட்கார்ந்துவிடுகிறாளாமே என் பிள்ளை!

"என்ன, நிப்பாட்டிப் போட்டியள்?"

"ஒண்டுமில்லை. றூத் எழுதியிருக்கிறா. முருகேசு கெட்டிக்காரி, ஞாயிற்றுக்கிழமை பாருங்கோ, எல்லாம் விழும் எண்டு…"

"ஓமோ?"

"ஓம். எல்லாரையும் கை தட்டச் சொல்லி எழுதியிருக்கிறா."

பொய் சொல்லத் தெரியாத மனுசன் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். தேவமலர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எலும்பாய்ப்போன கையை நீட்டி அவர் சட்டையின் பொக்கற்றை மெல்லத் தொட்டாள்.

"தந்தியை வச்சுக்கொண்டு அண்டைக்கும் உப்பிடித்தான் முழிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். எனக்கு அப்ப விளங்கேல்லை. இப்ப விளங்கும். உள்ளதை வாசியுங்கோ."

அவர் வாசித்தார். ஒரு சொல்லும் விடாமல், தெரிந்த தமிழில், முதல் வரியிலிருந்து. 'சாகக் கிடக்கிறாள்' என்ற இடத்தில் நிறுத்தித் திரும்ப வாசித்தார். முடிந்த பிறகு தேவமலர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கண்ணின் ஓரத்தால் நீர் வழிந்து காதுக்குள் போனது.

"கள்ளப் பெட்டை," என்றாள் கடைசியில். "என்னெண்டு நடிச்சவள் பாருங்கோ."

"உன்ர மோள்தானே."

"நானும் நடிச்சன், அவளும் நடிச்சவள். இவ்வளவு நாளும் ரெண்டு பேரும் சும்மா சிரிச்சுக்கொண்டு இருந்திருக்கிறம்." மூச்சு வாங்கினாள். "ரெலிபோனை எடுங்கோ."

"மலர், இன்னும் ரெண்டு நாள்தானே. ஞாயிறு முடியட்டும். அவளின்ர வாழ்க்கையில ஒருக்காத்தான் இப்பிடி ஒரு ஆட்டம் வரும்."

"அந்த ரெண்டு நாள் எனக்குக் கிடக்கோ எண்டு ஆருக்குத் தெரியும்?" கோபமில்லாமல்தான் சொன்னாள். "அண்டைக்கு எல்லாரும் கூடி எனக்கு எது நல்லமெண்டு நீங்களே முடிவெடுத்தியள். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. அதுதான் எனக்கு ஆறேல்லை. அதையே நான் என்ர பிள்ளைக்குச் செய்துபோட்டன், அறிவு கெட்டவள். வாறதோ விளையாடுறதோ அவளின்ர விருப்பம். ஆனால் நான் அவளைக் கேக்க வேணும்."

தலையணையை நிமிர்த்தவா என்று கேட்டார் முருகேசு. வேண்டாம் என்று தலையாட்டினாள். படுத்தபடியே பேசுகிறேன் என்றாள். அவர் எண்களை அழுத்தினார், இரண்டு தரம் பிழைத்து மூன்றாம் தரம் சரியாக வந்தது. அங்கே காலை பத்து மணி. ஒலிபெருக்கியைப் போட்டு ரெலிபோனைத் தேவமலரின் நெஞ்சின்மேல் வைத்தார். மணி அடித்தது.

"ஹலோ? அம்மா! என்ன வெள்ளிக்கிழமையில?" மிதுசாவின் குரல் பெரிய மண்டபத்தில் எதிரொலித்து வந்தது. பின்னால் பந்து மரத்தரையில் விழுகிற சத்தம்.

"எங்க பிள்ளை நிக்கிறாய்?"

"ஜிம்மில. ஒருத்தரும் இல்லை. பிறீ துறோ பழகிறன். ஞாயிற்றுக்கிழமை பாருங்கோ அம்மா, அந்த ஆறடிப் பெட்டையைச் சுத்தி ஓடிக் களைக்க வைக்கிறன்." சிரித்தாள். இத்தனை மாதமும் சிரித்த அதே சிரிப்பு. முருகேசு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"முழங்காலை மடிச்சு எறி. அவசரப்படாதை."

"ஓம் அம்மா."

"மிது."

"ம்?"

"எனக்கு ஏலாமல் கிடக்கு, பிள்ளை. உனக்குத் தெரியுமாம் எண்டு இப்பதான் எனக்குத் தெரியும்."

மறுமுனையில் சிரிப்பு நின்றுவிட்டது. பந்து மட்டும் நிற்கவில்லை, மெதுவாக விழுந்துகொண்டிருந்தது.

"நீ அங்க நிண்டு விளையாடினாலும் எனக்குச் சந்தோசம். இப்ப வெளிக்கிட்டு வந்தாலும் சந்தோசம். ரெண்டிலயும் எனக்கு மனக்குறை இல்லை, சத்தியமாய். முந்தியே கேட்டிருக்க வேணும், இப்பதான் கேக்கிறன். என்ன செய்யப் போறாய், சொல்லு?"

முருகேசு கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். தேவமலர் கண்ணை மூடியிருந்தாள், உதடு மட்டும் அசைந்தது. பந்து ஒருமுறை விழுந்தது. ஒண்டு. பிறகு இன்னொருமுறை விழுந்தது. ரெண்டு. இருவரும் மூன்றாவதுக்குக் காத்திருந்தார்கள். அந்த மண்டபத்தின் வெறுமை அப்படியே ரெலிபோனுக்குள்ளால் வந்து முன்னறையை நிரப்பியது.

பிறகு கேட்டது கையால் தட்டிய தட்டு இல்லை. கைவிட்ட பந்து தானாக விழுந்து, தானாக எழும்பி, குறுகிக் குறுகி, மரத்தரையில் எங்கேயோ தூரத்துக்கு உருண்டு போய்க்கொண்டிருந்தது.