கோணல் ஏழு

அம்மாவின் முதுகில் ஒட்டியிருந்த மருந்து பேட்ச்சில் தேதி என் கையெழுத்தில்தான் இருந்தது. ஆனால் அதை நான் எழுதவில்லை. நான் அவசரக்காரி. தையல் கடைக்கு ஓடுகிற அவசரத்தில் எழுதும்போது ஏழின் கால் எப்போதும் கோணிவிடும். இதிலும் கோணியிருந்தது, ஆனால் நிதானமாகக் கோணியிருந்தது.

அம்மாவுக்கு எலும்பில் புற்றுநோய். வலிக்கு மூன்று நாளைக்கு ஒரு பேட்ச். குழப்பம் வரக்கூடாதென்று, ஒட்டிய தேதியை அதன் மேலேயே மார்க்கரில் எழுதச் சொல்லியிருந்தார் நர்ஸ். எங்கள் வீட்டில் அழகாக எழுதுகிறவன் அண்ணன். கடைத்தெருவில் பாதி போர்டு அவன் எழுதியது. போதை ஊசி பழகியபின் தூரிகை பிடிக்கக் கை நிற்காது. என்னைப் போல எழுத மட்டும் நின்றிருக்கிறது, பாவிக்கு.

நகத்தால் கிள்ளி உரித்தேன். வெறும் பிளாஸ்திரி. அளவாக நறுக்கி, மூலைகளைக்கூட வளைத்து வெட்டியிருந்தான்.

பத்து நாளாக அம்மா அலறிக்கொண்டிருந்தாள். பேட்ச் இருக்கும்போது என்ன வலி, நடிக்காதே என்று கத்தினேன். ஒருநாள் அவள் வாயைப் பொத்தினேன். இந்தக் கையால்தான்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

அம்மா சுவரைப் பார்த்தே பேசினாள். "நீ கடைக்குப் போனதும் வருவான். நடுங்குவான்டி, பல்லு கிட்டிக்கும். நான் இன்னிக்கோ நாளைக்கோ. அவன் வாழ வேண்டிய புள்ள."

"வாழறானா அவன்?"

பின்னறையில் அண்ணன் சட்டையில்லாமல் சுவரோரம் சாய்ந்திருந்தான். கண் பாதி மூடியிருந்தது, வாயோரம் எச்சில். மார்பில் மூன்று பேட்ச், மூன்றிலும் என் எழுத்து. நேற்று நான் ஒட்டியதில் கை வைத்ததும் கண்ணைத் திறந்தான்.

"பாப்பா, அத மட்டும் விட்டுடு. பழைய ரெண்டையும் அம்மாவுக்குப் போட்டுக்க."

தாராள மனசு. உரித்து எடுத்துக்கொண்டு கதவை வெளியே தாழிட்டேன். அடுத்த பேட்ச் திங்கட்கிழமைதான் தருவார்கள். இதில் இன்னும் இரண்டு நாள் மருந்து மிச்சமிருந்தது. பசை போய்விட்டதால் நாலு பக்கமும் டேப் போட்டு அம்மா முதுகில் ஒட்டினேன்.

"அவனுக்கு?" என்றாள்.

முகம் கழுவப் போனேன். அழுதேன், அவளுக்காகவா, பொத்திய கைக்காகவா என்று தெரியாமல் அழுதேன். பின்னறையிலிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பலமாகக்கூட இல்லை, குழந்தை தட்டுவதுபோல.

"அம்மா," என்றான் உள்ளேயிருந்து. "கதவுக்குக் கீழே சந்து இருக்கும்மா."

துண்டோடு வந்து வாசற்படியில் நின்றேன். ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்க முடியாத அம்மாவின் கை, தோளைத் தாண்டி முதுகுக்கு மெல்லப் போய்க்கொண்டிருந்தது. விரல்கள் டேப்பின் ஓரத்தைத் தேடிக்கொண்டிருந்தன.