எடிட் பண்ணாத கல்யாணம்

மஸ்கெலியா பஜாரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் விஜிதரன், ஊரார் கல்யாணத்தையெல்லாம் வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டுச் சொன்ன தேதிக்குக் கொடுத்துவிடுவான். சொந்தக் கல்யாண வீடியோவுக்கு மட்டும் ஏழு வருஷமாக நேரம் கிடைக்கவில்லை. நல்ல மனுஷன்தான், குடிக்க மாட்டான், சத்தம் போட மாட்டான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவனைப் போல ஒரு சோம்பேறியை ஹட்டன் வரைக்கும் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. கல்யாணத்தன்று அவன் கூட்டாளி அழகன் எடுத்ததெல்லாம் பழைய லேப்டாப்பில் அப்படியே கிடந்தது. மனைவி வினோதா அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கேட்டால், "எடிட் பண்ணித் தாறேன், பொறு" என்பான். பொறுத்துப் பொறுத்து அவளுக்கு அலுத்தே போய்விட்டது.

அந்த லேப்டாப்புக்கோ ஆயுசு முடிந்துகொண்டிருந்தது. பேட்டரி செத்துப்போனதால் வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். உள்ளே ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட ஆரம்பித்த பிறகுதான் விஜிதரன் பயந்துபோய்ப் புதிது வாங்கி வந்தான். காலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேபிளை மாட்டினான். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. மழை என்றால் அந்தப் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சாமிக்குத்தான் தெரியும்.

தேத்தண்ணியோடு வந்த வினோதா புது லேப்டாப்பின் திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். 'நம்ம கல்யாணம்' என்ற ஃபோல்டர் ஏறிக்கொண்டிருந்தது.

"என்னாங்க, நம்மளுதா மொதல்ல?"

"ஆமா. எப்பவும் ஊரார் கல்யாணத்தத்தானே முன்னுக்கு வச்சேன். இந்தத் தடவ நம்மளுது ஏறட்டும். பெரிய ஃபைலுங்க, மத்தியானம் ஆகிரும்."

அவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. உடனே இன்னொரு நினைப்பும் வந்து தொலைத்தது.

"அப்ப சர்மிளாவுது?"

சர்மிளாவுக்குப் போன வாரம்தான் கல்யாணம் நடந்தது. அவள் வீடியோ அந்தப் பழைய லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. கேமரா கார்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்தாயிற்று.

"அதுவும் ஏறும்."

"இது கத்துற கத்துக்கு மத்தியானம் வரைக்கும் தாங்குமா? அந்தப் புள்ள நம்மள நம்பி விட்டிருக்கு. மொதல்ல அவளுத ஏத்துங்க."

"வேணாம் வினோ. ஏழு வருஷமா கேட்டியே."

"ஏழு வருஷம் பொறுத்தவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கத் தெரியாதா? தள்ளுங்க."

அவளே மௌஸைப் பிடித்து நிறுத்தினாள். வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் நிறுத்தினாள்.

சர்மிளாவின் கல்யாணம் மணவறை முதல் பந்தி வரை ஒன்றுவிடாமல் ஏறியது. அப்பாடா என்று மறுபடி தங்கள் ஃபோல்டரைப் போட்ட கையோடு கரண்ட் போய்விட்டது. பாழாய்ப்போன கரண்ட்! அது திரும்பி வந்தபோது பழைய லேப்டாப் எழும்பவே இல்லை. கறுத்த திரை, டக் டக் சத்தம், அவ்வளவுதான். விஜிதரன் ஹட்டனில் ரிப்பேர் பார்ப்பவருக்குப் போன் போட்டு, அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் கேட்க வைத்தான். "அண்ணே, அது முடிஞ்சிருச்சி" என்றார் அவர்.

வினோதாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "என் கையாலயே கெடுத்துக்கிட்டேனே."

"நீ செஞ்சது சரி. எனக்கும் வயிறு எரியுது. ஆனா இத்தன வருஷமா எடிட் பண்ண ஒக்காராம விட்டவன் நான்தானே. தப்பு என்னோடது." அவள் கண்ணைத் துடைத்துவிட்டான். "இரு, நீ நிறுத்துறதுக்கு முந்தி ஏறினது இருக்கும்."

இருந்தது. எடுத்த வரிசையில் ஏறியதால் கல்யாணத்தன்று காலையில் எடுத்தது மட்டும் வந்திருந்தது. டயகமவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் புறப்பட்டு வந்த காட்சிகள். கோயிலும் இல்லை, தாலி கட்டியதும் இல்லை.

"நான் எங்கயுமே இல்லையே" என்றாள் வினோதா.

கடைசி வீடியோவில் வேன் குலுங்கியது. மாப்பிள்ளை விஜிதரன் தலைப்பாகையை மடியில் வைத்துக்கொண்டு பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். "என்னா மாப்ள, மொகம் இப்புடி இருக்கு?" என்று அழகனின் குரல் கேட்டது.

"அவளுக்கு என்னப் புடிச்சிருக்கான்னு யாருமே கேக்கலடா. பெரியவங்களே பேசி முடிச்சிட்டாங்க. நானும் கேக்கப் பயந்துட்டேன். நீ கேமராவுல அவ மொகத்தக் கிட்டத்துல பார்ப்பேல்ல? தாலி கட்டுறதுக்கு முந்தி, விருப்பமில்லாத மாதிரி தெரிஞ்சா எனக்குக் கையக் காட்டு."

"காட்டினா?"

"எந்திரிச்சிருவேன். எனக்குத்தான் விருப்பமில்லன்னு சொல்லிருவேன். அடி ஒத விழுந்தா நான் வாங்கிக்கிறேன். அவ மேல பழி வரக்கூடாது."

அதோடு வீடியோ முடிந்தது. விஜிதரனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "இதெல்லாம் எடிட்டிங்ல வெட்டிப் போடுறதுதான்" என்று முணுமுணுத்தான்.

வினோதா திரையை விட்டு அவன் பக்கம் திரும்பினாள். "அழகன் அண்ணே கையக் காட்டலையா?"

"காட்டியிருந்தா நீ எப்புடி இங்க இருப்ப? நீ சிரிச்சிக்கிட்டு இருந்தியாம்."

"சரி, இப்பக் கேளுங்க."

"என்னத்த?"

"அன்னைக்குக் கேக்கப் பயந்தீங்களே, அத."

"போடி, ஏழு வருஷம் குடும்பம் நடத்திட்டு..."

"கேளுங்கன்னா கேளுங்க."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "வினோ, ஒனக்கு என்னப் புடி..."

"புடிச்சிருக்கு" என்றாள், அவன் கேட்டு முடிப்பதற்குள்.