அணுகுண்டு மூஞ்சி

பிஸ்டல் கிளப்பில் சேர்ந்த நாலாவது மாதம், ஒரு சனிக்கிழமை காலையில், நான் சுட்ட தோட்டா இலக்குப் பக்கமே போகாமல் எனக்கு மூன்று மீட்டர் முன்னால் தரையில் போய்ச் செருகியது. ஒரு கல் தெறித்து எழுந்து, சாவகாசமாகக் கீழே விழுந்தது. உடனே விசில் ஊதினார்கள். வரிசையில் நின்ற எட்டுப் பேரும் பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் பிஸ்டலைப் பார்த்தேன். இதில் ஏதோ கோளாறு என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். கிளப் செயலாளர் கிரஹாம், பிளம்பர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அதே பிஸ்டலை வாங்கி அஞ்சு தோட்டா சுட்டார். அஞ்சும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. பிஸ்டலுக்கு ஒன்றுமில்லை மேட், என்று மெதுவாகச் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்றைக்கே ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். புது உறுப்பினருக்கு ஆறு மாதம் கண்காணிப்பு. அது முடிகிறபோது கிளப் பரிந்துரைத்தால்தான் போலீஸ் கைத்துப்பாக்கி அனுமதியைப் பற்றி யோசிக்கும். சுடும்போது நான் ஒவ்வொரு தடவையும் வெட்டி இழுக்கிறேன், கை கீழே போகிறது. இன்னும் இரண்டு மாதத்தில் அது சரியாகாவிட்டால் பரிந்துரைக்க முடியாது, மன்னித்துக்கொள், என்றார். மன்னிக்க நான் யார்?

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். பென்ரோஸ் கிடங்கில் பதினோரு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். காதில் நாளெல்லாம் ஸ்கேனர் சத்தம். தகனினியில் இருக்கும் வீட்டுக்கு வந்தால் மோர்ட்கேஜ் கடன், மகளின் ஸ்கூல், ஊரில் இருப்பவர்களின் போன். எல்லாம் என் வாழ்க்கைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ரேஞ்சில், கிளப்பின் சுடுமிடத்தில், இரண்டு கையாலும் பிஸ்டலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பத்து நொடி இருக்கிறதே, அப்போது என் தலைக்குள் யாருமே பேசுவதில்லை. இந்த நாட்டுக்கு வந்தபிறகு நானாக ஆசைப்பட்டுத் தேடிப்போனது அது ஒன்றுதான். என் மனைவி ரத்னாவுக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது. மூன்று மாதம் கெஞ்சியபிறகு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். கிளப்காரர்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அத்தோடு விட்டுவிட வேண்டும், வேறு கிளப் தேடக்கூடாது. நானும் பெரிய மனுஷன் மாதிரி அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். போதாக்குறைக்கு மைத்துனன் ராகேஷிடம், அவன் மகன் பிறந்தநாள் விருந்தில், நான் சுட்டால் குறி தப்பாது என்று வேறு அளந்து வைத்திருந்தேன்.

கஜானி வந்தது அதற்கு அடுத்த சனிக்கிழமை. மனுரேவாவில் பிசியோதெரபிஸ்ட். யாழ்ப்பாணத்துக்காரப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள், எட்டு வருடமாகச் சுடுகிறாள். ரேஞ்சில் அவள் வார்த்தைதான் சட்டம். நான் சுடும்போது பக்கத்தில் நின்று போனில் வீடியோ எடுத்தாள்.

"அண்ணா, நீங்கள் சுடேக்க கண்ணை மூடுறியள்," என்றாள்.

மூடவே இல்லை என்று சாதித்தேன். அவள் விவாதம் பண்ணவில்லை, வீடியோவை எனக்கு அனுப்பிவிட்டுப் போய்விட்டாள். வீட்டுச் சமையலறையில் நின்று அதை நான் நாலு தடவை பார்த்தேன். கண்ணை மூடியிருந்தது மட்டுமில்லை, முகத்தை இடதுபக்கம் திருப்பி, உதட்டைக் கடித்து, தோளைக் காதுவரை தூக்கி, குண்டு கிளம்புவதற்கு முன்பே ஆள் பின்னால் சாய ஆரம்பித்திருந்தேன். யாரோ ஒரு பைத்தியக்காரன். எட்டிப் பார்த்த ரத்னா தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடிக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆனது.

"இது நீங்க அணுகுண்டு பத்தவைக்கிற மூஞ்சில்லா," என்றாள்.

அதேதான். நாங்கள் இரண்டு பேரும் சாத்தூர்க்காரர்கள். பக்கத்திலேயே சிவகாசி. எங்கள் பக்கம் தீபாவளி என்பது ஒருநாள் சமாச்சாரம் இல்லை, பச்சை நூல் சுற்றிய அணுகுண்டு வெடி டஜன் கணக்கில் வீட்டில் கிடக்கும். ஊதுபத்தியை நீட்டிப் பிடித்து, திரியில் வைத்த அதே நொடியில் முகத்தைத் திருப்பி, கண்ணை மூடி, பின்னால் பாய வேண்டும். நாலு வயதில் படித்த பாடம். சத்தத்துக்குப் பயந்தவன் இல்லை நான். ஆனால் என் விரல் ஒன்றைப் பற்றவைக்கிறது என்று தெரிந்தாலே மிச்ச உடம்பு ஓடத் தயாராகிவிடுகிறது. எங்கள் ஊரில் அது புத்திசாலித்தனம். ரேஞ்சில் அது தரையில் தோட்டா.

அடுத்த வாரம் இதைக் கஜானியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நல்லது, காரணம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது, என்று சொல்லிவிட்டு ஒரு சின்ன கறுப்புப் பெட்டியைத் திறந்தாள். கன்வர்ஷன் கிட். பிஸ்டலின் கைப்பிடியும் விசையும் அப்படியே இருக்கும். மேல்பாகத்தையும் குழலையும் கழற்றிவிட்டு இதை மாட்டினால், நைன் எம்எம் பிஸ்டல், பாயிண்ட் டூ டூ என்கிற சின்னத் தோட்டாவைச் சுடுகிற பிஸ்டல் ஆகிவிடும். பெரிய தோட்டாவுக்கு அடிப்பாகத்தின் நடுவில் அடி விழ வேண்டும், இந்தச் சின்னதுக்கு விளிம்பில் தட்டினால் போதும். தான் வீடு வாங்கியபிறகு பெரிய தோட்டா கட்டுப்படியாகாமல் இதை வாங்கியதாகவும், ஒன்றின் விலைக்கு நாலு சுடலாம் என்றும் சொன்னாள்.

ஒன்று சுட்டுப் பார்த்தேன். டப் என்றது. எனக்கு மானமே போய்விட்டது. ஊரில் பொட்டுவெடி என்று ஒன்று உண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பது. சாத்தூர்க்காரன் கையில் பொட்டுவெடியா என்று கேட்டுவிட்டேன். கஜானி கிட்டைக் கழற்றப் போனாள்.

"உங்களுக்கு லைசன்ஸ் வேணுமோ, சத்தம் வேணுமோ?" என்று மட்டும் கேட்டாள்.

தோட்டா அடைத்த அடுத்த மேகசினை எடுத்தேன். ஏழு சனிக்கிழமை. ஒவ்வொரு தடவையும் இருநூறு தோட்டா, அவள் பக்கத்தில் நிற்க. டப், டப், டப். முதல் இரண்டு வாரம் அந்தப் பொட்டுவெடிக்கும் கண்ணை மூடினேன், வெட்கக்கேடு. மூன்றாவது வாரம் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு ஒன்று என் வலதுபக்கம் பறந்து போனதைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால் கண் திறந்திருந்தது என்று அர்த்தம்! அதற்குப் பிறகு, குழலின் நுனியில் குறி பார்க்க வைத்திருக்கும் சின்ன வெள்ளைப் புள்ளி சுட்டதும் மேலே துள்ளி மறுபடி வந்து உட்காருவதும் தெரிய ஆரம்பித்தது. இத்தனை மாதம் அது என் கண்ணெதிரேதான் துள்ளிக்கொண்டிருந்திருக்கிறது.

கடைசி சனிக்கிழமை கஜானி கிட்டைக் கழற்றிவிட்டுப் பழைய மேல்பாகத்தை மாட்டினாள். கிரஹாம் ஒரு தாளோடு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். அஞ்சு பெரிய தோட்டா, அவ்வளவுதான் பரீட்சை. கஜானி அந்தப் பக்கம் திரும்பி நின்று மேகசினை நிரப்பிக் கொடுத்தாள். கையைச் சட்டையில் துடைத்தேன். ரத்னா தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தது வேறு அந்த நேரம் பார்த்தா ஞாபகம் வர வேண்டும்?

முதல் குண்டு பெருஞ்சத்தத்தோடு போனது. புள்ளி துள்ளி வந்து உட்கார்ந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுக்கு மூச்சைப் பாதி விட்டு, விசையை அழுத்தினேன்.

க்ளிக்.

ஒன்றும் நடக்கவில்லை. வெடிக்கவில்லை. இலக்கும் வெள்ளைப் புள்ளியும் வைத்த இடத்தில் இருந்தன. என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். பிஸ்டல் மக்கர் பண்ணிவிட்டது, இப்போது அதைச் சொன்னால் மறுபடி கூடம் கோணல் என்று சிரிப்பார்கள். பிஸ்டலை இலக்கை நோக்கியே பிடித்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். பின்னால் கிரஹாமின் பேனா தாளில் கீறும் சத்தம் கேட்டது.

"அது டம்மி, அண்ணா. மருந்தில்லாத தோட்டா. நான்தான் நடுவில வைச்சனான்," என்றாள் கஜானி. பிறகு குரலைத் தாழ்த்தி, "அசையேல்லை. ஒரு மயிரிழைகூட அசையேல்லை," என்றாள்.

வெடித்திருந்தால் பிஸ்டலின் துள்ளலில் கை அசைவது மறைந்துபோகும். வெடிக்காத தோட்டாவில்தான் பயந்தவனின் கை கீழே போவது தெரியும். என் கை போகவில்லை. மிச்சம் இரண்டையும் சுட்டேன், எங்கே விழுந்தது என்று நான் கவனிக்கவே இல்லை. கிரஹாம் கையைக் குலுக்கி, கிளப் கடிதம் அடுத்த வாரம் போலீசுக்குப் போய்விடும் என்றார். காருக்குள் போய் உட்கார்ந்தேன். அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன். ரத்னாவுக்குப் போன் போட்டேன்.

"சரி, வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க," என்றாள். அந்தக் குரலில் கோபம் இல்லை. எனக்கு அது போதும்.

மறுநாள் தீபாவளி. இந்த ஊரில் வருடத்தில் நாலே நாள்தான் வாணவெடி விற்பார்கள், அதுவும் காதுக்கு வலிக்காத சாதி. அந்த நாலு நாளில் வாங்கி வைத்திருந்த புஸ்வாணத்தைச் சாயங்காலம் வீட்டுப் பின்பக்கம் சிமெண்டுத் தரையில் வைத்தேன். ரத்னா பட்டுப்புடவையில் வந்து பக்கத்தில் நின்றாள். குனிந்து, நீளமான ஊதுபத்தியை எட்டிப் பிடித்துத் திரியில் வைத்தேன். முகத்தைத் திருப்பவில்லை. திரி ஒரு நொடி தயங்கி, சிவந்து, சுருண்டு உள்ளே போனது. இத்தனை வருடத்தில் அதை இப்போதுதான் பார்க்கிறேன்.

இரண்டடி பின்னால் வந்து நிமிர்ந்தேன். சத்தமே இல்லாமல் வெளிச்சம் பூத்து மேலே ஏறியது. அந்த வெளிச்சத்தில் ரத்னா, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, முகத்தை இடதுபக்கம் திருப்பி, உதட்டைக் கடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.