பெருவாயனின் எடை

அண்ணன் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'கணக்கு'. சின்ன வயதில் மிட்டாயைக்கூட எண்ணித்தான் தின்பாள் என்பதால் வந்த பெயர். இப்போது பிழைப்பும் அதுவே ஆகிவிட்டது. மேட்டில் இருக்கும் அணு உலையில் கசிவு ஏற்பட்டுக் கீழே ஏரியில் சீசியம் என்னும் கதிரியக்கப் பொருள் கலந்த பிறகு, அது தண்ணீரிலிருந்து பாசிக்கும், நத்தைக்கும், சின்ன மீனுக்கும், சின்ன மீனை விழுங்கும் பெருவாயன் மீனுக்கும் எவ்வளவு போய்ச் சேரும் என்று ஆய்வகம் தரும் அளவுகளை வைத்துக் கணினியில் கணித்துச் சொல்வது அவள் வேலை. அந்தப் பெருவாயனைப் பிடித்து விற்றுக் குடும்பம் நடத்தியவன் அண்ணன். மீன் பிடிக்கக் கூடாதென்று ஏரியை மூடியதிலிருந்து ஒரு கிடங்கில் காவலுக்கு நின்று, வருகிற போகிற லாரிக்கெல்லாம் சலாம் போட்டுக்கொண்டிருந்தான்.

போன வாரம் கணிப்பு முடிந்து விடை வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பெருவாயனில் இருந்த அளவு, தின்னலாம் என்ற வரம்புக்கு வெகு கீழே இருந்தது. ஏரியைத் திறக்கலாம். ஒன்று மட்டும் இடித்தது. சின்ன மீனைவிட அதைத் தின்னும் பெரிய மீனில் சீசியம் குறைவு. வழக்கமாக நேர்மாறாகத்தான் இருக்கும். பெரிய மீன் வேறு எதையாவது தின்றிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இதையே வேறு யாராவது சொல்லியிருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். ஆசைப்பட்ட விடை கைக்கு வந்துவிட்டால் யார்தான் துருவிப் பார்க்கிறார்கள்! அறிக்கை மேலே போவதற்குள் அண்ணனுக்கு ஃபோன் போட்டுச் சொல்லியும் விட்டாள், முந்திரிக்கொட்டை.

இன்று டீ குடிக்கும் நேரத்தில், மீன்களை உலர்த்திப் பொடிக்கும் ஆய்வகக்காரர் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"பெருவாயனுக்கு மட்டும் நானே மாத்திக் குடுத்துட்டேன், மேடம். உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்."

"எதை மாத்தினீங்க?"

"காய்ஞ்ச எடைக் கணக்கைப் பச்சை எடைக்கு. எல்லாத்தையும் நீங்களே உக்காந்து வகுக்கறீங்களே, பாவம்னு..."

டீயைக் கீழே வைத்தாள். உலர்ந்த ஒரு கிலோவில் இருப்பதை ஐந்தால் வகுத்தால்தான் ஈரமும் சதையுமாக இருந்த மீனின் கணக்கு வரும். அவர் வகுத்துவிட்டார். அதை அவள் மறுபடியும் வகுத்திருக்கிறாள். உண்மையான அளவு அவள் சொன்னதைப் போல ஐந்து மடங்கு, வரம்பையும் தாண்டி. அவரைத் திட்ட வாய் வரவில்லை. இடித்ததைக் கண்டும் காணாமல் விட்டது அவள்தானே.

அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். மேலதிகாரி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொல்வதுதான் பெரும்பாடு.

"வா கணக்கு! நேரம் பாத்து வந்துட்டியே!" என்றான் அண்ணன். படகைச் சும்மா ஓட்டிப் பார்க்கப் போனவன், கை சும்மா இருக்காமல் வலையையும் போட்டிருக்கிறான். கழுவும் தொட்டியில் முழங்கை நீளத்துக்கு ஒரு பெருவாயன், செதில் நீக்கப்பட்டுக் கிடந்தது.

"காவல் வேலைய இன்னிக்குக் காலைல விட்டுட்டேன். முதல் துண்டு உனக்குத்தான்."

அண்ணி வாணலியில் எண்ணெய் ஊற்றினாள்.

"அண்ணி, அடுப்ப அணைச்சிடுங்க."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒரே மூச்சில் சொன்னாள். "தப்பாக் கணக்குப் போட்டுட்டேண்ணா. ஏற்கெனவே வகுத்தத மறுபடி வகுத்துட்டேன். இதத் தின்னக் கூடாது. ஏரியத் திறக்க மாட்டாங்க."

"எப்பத் திறப்பாங்க?"

"தெரியல. வருஷக்கணக்காகூட ஆகலாம்."

அண்ணி அடுப்பை அணைத்தாள். "உன்ன நம்பித்தானே..." என்று ஆரம்பித்தான் அண்ணன். அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அவன் தேற்றவில்லை, தேற்ற வேண்டும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் மீனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பையின் வாயை இறுகக் கட்டி, அவளிடம் நீட்டினான்.

"கொண்டு போய் ஆய்வகத்துல குடு."

வாங்கிக்கொண்டு இறங்கினாள். வாசல் வரை வந்தவன், எப்போதும் கூப்பிடும் பெயரைச் சொல்லாமல் பேசினான்.

"இத ஒரு தடவ மட்டும் வகு."