கோரலி வாய் மூடாத இருபத்தெட்டு நாள்

நபுருலா செத்துப்போய் இருபத்தெட்டாம் நாளும் கோரலி பேசிக்கொண்டுதான் இருந்தாள். ஊரே அவளை ஒரு மாதிரி பார்த்தது. பார்க்காமல் என்ன செய்யும்? செத்தவளுக்கு அவள் சின்னம்மா. ஆதிகுடிகளான எங்கள் முறையில் சின்னம்மா என்றால் அம்மாதான், அதில் பாதி முக்கால் என்றெல்லாம் கிடையாது. பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாக்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஊருக்கு மேற்கே இழவுக் கூடாரத்தில் உட்கார்ந்து, பசித்தாலும் தாகமெடுத்தாலும் கையால்தான் சொல்ல வேண்டும். உரியவர்கள் வந்து உதட்டைத் தொட்டு விடுவிக்கிறவரைக்கும் அப்படித்தான். அது ஆறு மாதமும் ஆகும், இரண்டு வருஷமும் ஆகும்.

நபுருலா என்பது அந்தப் பெண்ணின் குலப்பெயர். செத்தவர்களின் சொந்தப் பெயரை எங்களில் யாரும் சொல்வதில்லை; நானும் சொல்லப் போவதில்லை, நீங்களும் கேட்காதீர்கள். பதினேழு வயது. சின்னதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. தெருவில் சத்தம் போட்டாள் என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மறுநாள் விடிந்தபோது அறையில் விறைத்துக் கிடந்தாள். மூச்சு முட்டுகிறது, மருந்து கொடுங்கள் என்று இரண்டு மணிநேரம் கத்தினாளாம். பக்கத்து அறையில் கிடந்தவன் சொன்னான். அந்த அறையில் கேமரா இருக்கிறது. படத்தைக் காட்டு என்றால் போலீஸ்காரர்கள் வாயே திறக்கவில்லை. பாவிகள், அவர்களுக்கு என்ன துக்கமோ!

கோரலி பன்னிரண்டு வருஷமாக ராப் பாடுகிறவள். தெற்கே பெரிய நகரங்களில் எல்லாம் மேடை ஏறியிருக்கிறாள். ஆனால் பள்ளி விட்டதும் அவளைப் பார்க்க வேண்டுமென்றால் கூடைப்பந்து மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற இரும்புக் கன்டெய்னருக்குத்தான் போக வேண்டும். உள்ளே ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், பத்துப் பதினைந்து வாண்டுகள். அவர்களிலேயே கெட்டிக்காரி நபுருலாதான். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் விசில் அடிக்கிற மாதிரி ஒரு மூச்சு இழுப்பாள். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அவளோ, "அதுதான்டி என் கையெழுத்து," என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்தாள்.

இழவு விழுந்த மூன்றாம் நாளே ஜெரோம் போன் செய்தான். கடற்கரைப் பக்கத்துக்காரன், நம்மவன்தான், போராட்டங்களை நடத்துகிறவன்.

"இன்னும் நாலு வாரத்துல, சனிக்கிழம, கோர்ட்டு வாசல்ல கூட்டம். அதுக்கடுத்த திங்கக்கிழம அந்தப் படத்தக் காட்டறதா வேண்டாமான்னு நீதிபதி முடிவு பண்றான். நீ அவ பேரச் சொல்லிப் பாடலன்னா ஒரு டிவிக்காரனும் எட்டிப் பாக்க மாட்டான், தங்கச்சி."

"அண்ணே, நான் அவளுக்கு அம்மா."

"தெரியும். எங்க பக்கம் இதையெல்லாம் வெள்ளக்காரன் எப்பவோ புடுங்கிட்டான். உங்ககிட்ட இன்னும் இருக்கு, எனக்கு அதுல பொறாமதான். ஆனா நீ வாய மூடினா அவனுகளுக்குத்தான் கொண்டாட்டம். அந்தத் திங்கக்கிழம வரைக்கும் பேசு. அப்புறம் போய் உக்காரு."

சொன்னதில் தப்பு என்ன? கோரலிக்கும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. வானொலியில் பேசினாள், பள்ளிக்கூடத்தில் பேசினாள், அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பேசினாள். அவள் வாயிலிருந்து பெயர் விழுகிற ஒவ்வொரு தடவையும் கிழவர்கள் எழுந்து போனார்கள். அவள் பொருட்படுத்தவில்லை.

பிறகு பாட்டைப் பதிவு செய்தாள். பதிவைத் திருப்பிப் போட்டுக் கேட்டபோது, தன் முதல் வரிக்கு முன்னால் ஒரு மூச்சு கேட்டது. விசில் அடிக்கிற மூச்சு.

வயரை மாற்றினாள். மைக்கை மாற்றினாள். கன்டெய்னருக்குள் ஆவி விலக இலைப் புகை போட்டு மறுபடி பாடினாள். மறுபடியும் அதே மூச்சு. இந்தத் தடவை ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இருந்தது. அவளுடைய அண்ணன் மகள் கெய்லீன் ஹெட்போனை வாங்கி மாட்டினாள். மாட்டிய வேகத்தில் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"அத்த, இது நீ இல்ல."

"சும்மா இருடி. பழைய பதிவு ஏதோ கலந்திருக்கும்."

"பழசுல அவ இவ்வளவு கஷ்டப்பட்டு இழுக்க மாட்டா அத்த."

மறுநாளிலிருந்து கன்டெய்னர் பக்கம் ஒரு பிள்ளையும் வரவில்லை. கோரலி தனியே உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், பயத்தைவிட ஆசைதான் அதிகம். பிள்ளை பக்கத்திலேயே நிற்கிற மாதிரி இருந்தது. கூப்பிட்டால் வருகிறாளே, எந்த அம்மாவுக்கு நிறுத்த மனசு வரும்?

இருபத்தெட்டாம் நாள், வியாழக்கிழமை மத்தியானம், கெய்லீனையும் ஏற்றிக்கொண்டு பழைய டொயோட்டாவில் இழவுக் கூடாரத்துக்குப் போனாள். சனிக்கிழமைக்கு அக்காள் நோரீன் ஒரு தலையசைப்புக் கொடுத்தால் போதும், ஊர் வாய் அடங்கிவிடும் என்பது அவள் கணக்கு. நோரீன்தான் நபுருலாவைப் பெற்றவள்.

தகரத் தடுப்புக்குப் பின்னால் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தலைமுடியை ஒட்ட வெட்டி, உடம்பெல்லாம் வெள்ளை மண் பூசியிருந்தார்கள். நோரீனுக்குப் பக்கத்தில் ஒரு கம்பளி விரித்துக் கிடந்தது. அதில் யாரும் உட்காரவில்லை. அது கோரலியின் இடம்.

"அக்கா, கோவிச்சுக்காத. இன்னும் நாலே நாள்," என்றாள் கோரலி. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "படம் வெளிய வரணும்ல? அவனுக செஞ்சது தெரியணும்ல? நீ ஒரு தல ஆட்டு, போதும்."

நோரீனின் கை எழுந்தது. வேகமான, கோபமான கை. *நீ கூப்பிடுற. அவ திரும்பிப் பாக்குறா. போக விடு.*

"நான் கூப்பிடலன்னா யாருக்கு அவ ஞாபகம் இருக்கும்?"

*எனக்கு.*

கெய்லீனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "அவ போகவே இல்ல பெரியத்த! அத்த பாட்டுல மூச்சு விடறா. நானே கேட்டேன்."

நோரீனின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு, மெதுவாக, காதைத் தொட்டாள். கோரலியின் போனைக் காட்டினாள். உள்ளங்கையை நீட்டினாள்.

வேண்டாம் என்று பக்கத்தில் இருந்தவள் அவள் முழங்கையைப் பிடித்தாள். நோரீன் உதறிவிட்டாள். கோரலிக்கு அந்த நேரம் புத்தி எங்கே போனதோ! கேட்டால் அக்காள் சம்மதித்துவிடுவாள் என்று நினைத்தாள். பாட்டைப் போட்டாள்.

பீட் நாலு தட்டுத் தட்டியது. பிறகு அந்த மூச்சு வந்தது. விசிலோடு, நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு, காற்றுக்குத் தவித்துக்கொண்டு. இத்தனை நாளும் பிள்ளை தன்னைத் தேடி வருகிறாள் என்றுதானே கோரலி நினைத்திருந்தாள்? அக்காளின் முகத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது. இது வருகிற மூச்சே இல்லை, அந்த அறையில் கிடந்து இழுத்த மூச்சு. தான் பெயரைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் பிள்ளை அந்த இரண்டு மணிநேரத்துக்கே திரும்பிப் போயிருக்கிறாள்.

நோரீனின் வாய் திறந்தது. உதடுகள் பெயரின் முதல் எழுத்துக்குக் கூடிவிட்டன. பெற்றவளே கூப்பிட்டுவிட்டால் பிறகு அந்தப் பிள்ளை எங்கேயும் போகாது. அது எங்கள் ஊரில் நண்டு சிண்டுக்கும் தெரியும்.

கோரலி பாய்ந்து அக்காளின் வாயைப் பொத்தினாள். நோரீன் திமிறினாள், அடித்தாள், கடைசியில் உள்ளங்கையை வெறிகொண்டு கடித்தாள். கோரலி கையை எடுக்கவில்லை. "மன்னிச்சிரு அக்கா, மன்னிச்சிரு," என்றாள். கீழே விழுந்த போனிலிருந்து மூச்சு இன்னும் வந்துகொண்டிருந்தது. கெய்லீன் அதை எடுத்து நிறுத்தினாள்.

"அழிச்சிரு," என்றாள் கோரலி. "ஒண்ணு விடாம அழிச்சிரு."

அதுதான் அவள் பேசிய கடைசிப் பேச்சு. நோரீன் தளர்ந்து அவள் தோளில் சாய்ந்து, சத்தமே இல்லாமல் அழுதாள். கோரலி கம்பளியில் உட்கார்ந்தாள். ஒருத்தி வந்து அவள் நெற்றியில் வெள்ளை மண்ணைப் பூசினாள்.

கெய்லீன் அழித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ஜெரோம்.

"அத்த, என்ன சொல்ல?"

கோரலி கன்னத்தையும் மண்ணுக்குக் காட்டினாள்.

"பன்னெண்டு வருசமா எங்கள வாயத் தொறங்க வாயத் தொறங்கன்னு உயிர வாங்கினது நீதான? இப்ப நான் என்ன பண்ணுவேன்? ஒரே ஒரு வார்த்த சொல்லேன்!"

கோரலி அவளைப் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வெள்ளை மண்ணைக் கரைத்துக்கொண்டு இறங்கியது.

போன் ஓய்ந்து மறுபடி அடித்தது. கெய்லீன் மூக்கைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"மாமா, அத்த வரமாட்டாங்க. நாங்க பிள்ளைங்க வர்றோம். ஆனா பேரச் சொல்ல மாட்டோம், அங்க யாரும் சொல்லவும் கூடாது."

எதிர்முனையில் ஜெரோம் ஏதோ கத்தினான்.

"தெரியும் மாமா, டிவி வராது," என்றாள் கெய்லீன். "அவ போகணும்ல."